தொட்டிக்குள் வந்த அவசர ஆர்டர்

உங்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் மருதாளக்கா சிரித்துவிட்டார். "என்னையப் பத்தி எழுதறக்கு என்ன கண்ணு இருக்குது? நாத்தத் தண்ணியப் பாத்துட்டு நிக்கறவளப் பத்தி ஆரு படிப்பாங்க?" என்றார். அந்த நாற்றத் தண்ணீரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்றேன். "அப்பச் செரி. தொட்டியப் பத்தி நல்லா எழுது" என்று உத்தரவு கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அருள்புரத்துக்குப் பக்கத்தில், சாயப்பட்டறைகளின் கழிவுநீர் குழாய் வழியாக வந்து சேரும் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கிறோம். நான் நிர்மலா. ஆய்வகத்தில் இருக்கிறேன். வருகிற தண்ணீரையும் போகிற தண்ணீரையும் சோதித்துச் சொல்வது என் வேலை. மருதாளக்கா தொட்டி ஆபரேட்டர். இரண்டு பெரிய தொட்டிகள். அடியிலிருந்து காற்று குமிழியிட்டு வந்துகொண்டே இருக்கும். தண்ணீருக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் சாயப்பட்டறை அழுக்கைத் தின்று தீர்க்கும். அதன் பிறகுதான் வடிகட்டுவது எல்லாம். சுத்தமான தண்ணீர் மறுபடி பட்டறைகளுக்கே போகும்.

திருப்பூரில் கம்பெனி வைத்திருப்பவர்கள் ஏற்றுமதி, டாலர், அமெரிக்கா என்று பேசுவார்கள். இந்தப் பாக்டீரியாக்கள் சேர்ந்தாற்போல் லீவு போட்டால் ஒரு பனியனுக்குக்கூடச் சாயம் ஏறாது என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கு இதில் நிரந்தரமான எரிச்சல் உண்டு. மருதாளக்காவுக்குக் கிடையாது. அவர் காலையில் வந்ததும் தொட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று நுரையைப் பார்ப்பார். நல்ல காப்பி நிற நுரை இருந்தால் அன்றைக்கு அவர் முகமே தனி.

இதற்கு முன்னால் அவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். கல்யாணமான புதிதில் மிஷினில் உட்கார்ந்தவர், பஞ்சுத் தூசியில் இளைப்பு வந்து மூச்சுவிட முடியாமல் போகும்வரை எழுந்திருக்கவில்லை. டாக்டர் கண்டிப்பாக நிறுத்தச் சொன்ன பிறகு, சாயப்பட்டறையில் பாய்லர் பார்க்கும் அவருடைய வீட்டுக்காரர் கன்னையன்தான் இங்கே கூட்டிவந்து சேர்த்துவிட்டார். வந்தது கூட்டிப் பெருக்கும் வேலைக்கு. அப்போதிருந்த ஆபரேட்டர் ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஆள் கிடைக்கும்வரை பாருங்கள் என்று விட்டார்கள். ஆள் இன்றுவரை கிடைக்கவில்லை, தேடுவதையும் விட்டுவிட்டார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒருமுறை இரண்டாவது தொட்டியைக் காலி செய்து பழுது பார்த்தார்கள். மறுபடி நிரப்பியபோது அதில் பாக்டீரியா லேசில் பிடிக்கவில்லை. அக்கா முதல் தொட்டியிலிருந்து ஒரு வாளி சேற்றுத் தண்ணீரை மொண்டுபோய் இரண்டாவதில் ஊற்றினார். "பாலுக்கு ஒறை ஊத்தறாப்பல" என்றார். தொட்டி பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு வாளி. தேவை போய்விட்டது, வாளி போகவில்லை. எஞ்சினியர்கள் கேலி செய்தார்களே தவிர யாரும் தடுக்கவில்லை, நான் உள்பட.

போன வருடம் எங்கள் மேனேஜர் ராஜவேல் சார் புதிதாக ஒரு பாக்கெட் கொண்டுவந்தார். அதிலிருந்த பொடி முழுக்க ஒரே வகைப் பாக்டீரியா. சாயத்தை மற்றதைவிட வேகமாகத் தின்னும் என்று விற்றவர் சொன்னார். பொய்யில்லை. வாரம் ஒருமுறை இரண்டு தொட்டியிலும் போட்டோம், தண்ணீர் அருமையாகத் தெளிந்தது. கொஞ்ச மாதத்தில் தொட்டியில் பெரும்பான்மை அந்த வகைதான் என்றாகிவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம்.

தீபாவளி லீவு முடிந்து கம்பெனிகள் திறந்த வாரத்தில் முதல் தொட்டி மந்தமானது. நுரை வெளுத்தது. கண்ணாடி ஜாடியில் மொண்டு வைத்தால் சேறு அடியில் படியாமல் மிதந்தது. மெலிந்த பிள்ளைக்கு ஊட்டிவிடுவதுபோல் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் ஊட்டினோம். சார் இரண்டு மடங்கு பாக்கெட் போடச் சொன்னார். அக்கா வெல்லம் கரைத்து ஊற்றினார், இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற கைவைத்தியம்தான். ஒரு நாள் தெம்பாகத் தெரிந்தது. மறுநாள் முன்னைவிட மோசம்.

ஒரு மத்தியானம், அக்காவின் ஷிப்டில், முதல் தொட்டி கறுத்துப் போய் அழுகின முட்டை நாற்றம் அடித்தது. அதே வாரத்தில் இரண்டாவதும் போயிற்று.

முதல் தொட்டி செத்த அன்று காலையில் ஒரு பட்டறையிலிருந்து போன் வந்திருந்தது. பிளீச் டேங்க் ஒழுகிக் கழிவில் கலந்துவிட்டது, கொஞ்ச நேரம் உங்கள் வால்வை அடைத்து வையுங்கள் என்றார்கள். அக்கா அடைத்தார். அடைத்ததை வேறு யாரும் பார்க்கவில்லை, அதுதான் வினையாகிப்போனது. ராஜவேல் சார், தொட்டிகளுக்குக் காற்றடிக்கும் ப்ளோயர் ஷெட் முன்னால் எல்லோரையும் நிற்கவைத்து, "வால்வைத் திறந்து போட்டுட்டு எங்கம்மா போயிருந்தீங்க? வளர்த்த தொட்டியை இப்படிக் கொன்னுட்டீங்களே" என்று கத்தினார்.

"அடைச்சுத்தானுங்க வெச்சிருந்தேன்" என்றார் அக்கா. வெள்ளிக்கிழமை பட்டறைக்காரர்களின் கமிட்டி கூடும், அதுவரை வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும், அப்புறம்தான் வாய் திறக்கும். அன்று இரண்டும் ஒன்றாக நடந்தது. தண்ணீரில் பிளீச் ஒரு சொட்டுகூட இல்லையே சார், நான் பார்த்துவிட்டேனே என்று கத்தினேன். "காத்து ஓடற தொட்டிம்மா. பிளீச் இந்நேரம் பறந்து போயிருக்கும், உனக்குத் தெரியாததா?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

சாயங்காலம் அக்காவின் வீட்டுக்குப் போனேன். அடுப்புப் பக்கம் சும்மா உட்கார்ந்திருந்தார். "கண்ணு, நான் அடைச்சதாத்தான் ஞாபகம். ஆனா இவிய இத்தனை பேரு சொல்றப்ப எனக்கே சந்தேகமா இருக்குது. நாந்தான் கொன்னுபோட்டனோ?" என்று கேட்டார். வேலை போவதுகூட அவருக்குப் பெரிதில்லை. செய்யாத கொலையைச் செய்ததாக அவரே நம்பத் தொடங்கிவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு நடந்துகொண்டே யாழினிக்குப் போன் போட்டேன்.

யாழினி என்னோடு கல்லூரியில் படித்தவள். சென்னிமலைக்காரி. வீட்டில் எல்லோரும் தறியைப் பார்க்க, இவள் மட்டும் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தாள். இப்போது கோயமுத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பாக்டீரியாக்களோடு குடும்பம் நடத்துகிறாள். மறுநாளே வந்து தொட்டித் தண்ணீரில் ஒரு பாட்டிலும் அந்தப் பொடியில் ஒரு பாக்கெட்டும் எடுத்துக்கொண்டு போனாள். வியாழக்கிழமை என்னை அங்கே வரச் சொன்னாள். நான் ஒருத்தி போனால் போதும். "ஊட்டுல உக்காந்தா நெஞ்சு அடைக்குது கண்ணு" என்று அக்காவும் பஸ் ஏறிவிட்டார்.

நாங்கள் போனபோது மேஜையில் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக இருந்தன. பொடியிலிருந்த பாக்டீரியாவை யாழினி சத்துத் தண்ணீரில் வளர்த்து வைத்திருந்தாள். நன்றாக வளர்ந்தால் அரிசி களைந்த தண்ணீர்போல் கலங்கலாக இருக்கும். செத்த தொட்டியின் தண்ணீரை, பாக்டீரியாகூட நுழைய முடியாத பொடிக்கண் வடிகட்டியில் வடித்து, ஒரு குழாயில் சில சொட்டு விட்டாள். பக்கத்துக் குழாயில் வெறும் காய்ச்சிய தண்ணீர். காத்திருந்தோம். தொட்டித் தண்ணீர் விட்ட குழாய் எங்கள் கண்முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து பளிங்காகிவிட்டது. பக்கத்துக் குழாய் கலங்கலாகவே இருந்தது.

உள்ளே இருந்ததெல்லாம் செத்து உடைந்துவிட்டது என்று அர்த்தம். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப வெசந்தானுங்களா?"

"அவசரப்படாதீங்கக்கா. விஷமா இல்லையான்னு இனிமேதான் கேக்கப் போறோம்" என்றாள் யாழினி. தெளிந்த குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்து ஒரு பெரிய குடுவைத் தண்ணீரில் விட்டாள். அதிலிருந்து ஒரு சொட்டு இன்னொரு குடுவையில். அதிலிருந்து எடுத்ததைத்தான் புதிதாகக் கலங்கலாக இருந்த ஒரு குழாயில் விட்டாள். "விஷம்னா இத்தனை தண்ணி வெளாவினதுக்கு அப்புறம் ஒண்ணுமே பண்ண முடியாதுங்க. இந்தக் குழாய் இப்படியே கலங்கலா இருந்துட்டா, விஷம்தான். மறுபடி தெளிஞ்சுதுன்னா, உள்ள போனது எதுவோ தன்னைத்தானே பெருக்கிக்குது. விஷம் குட்டி போடாதுங்களே."

"குட்டி போடறது எதுங்க?"

"பாக்டீரியாவைப் புடிக்கிற வைரஸ். ஃபேஜ்னு பேருங்க."

அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். அக்கா கட்டி வந்த புளிசாதத்தை அவர் மட்டும் தொடவில்லை. திடீரென்று கேட்டார்: "பாக்டீரியாவே கண்ணுக்குத் தெரியாது. அதைவிடப் பொடிசுங்கறீங்க. கையில்லை, காலில்லை. எப்படிங்க அத்தாம்பெரிய தொட்டியக் கொல்லுது?"

"அது கொல்ல வர்றதில்லைங்கக்கா, வேலை வாங்க வருது. அதுகிட்ட மிஷின் இல்லை, டெய்லர் இல்லை, நூல் இல்லை. பேட்டர்ன் மட்டும் கொண்டுட்டு வருது. பாக்டீரியா மேல ஒட்டிட்டு, அந்தப் பேட்டர்னை உள்ள விட்டுருது. பாக்டீரியாவுக்குள்ள அதுக்குன்னு மரபணு இருக்குதுங்க. அதைப் படிச்சுப் படிச்சு, என்ன செய்யணும்னு சொல்ற மிஷின் ஒண்ணும் இருக்குது. வைரஸ் மொதல் காரியமா சின்னச் சின்னப் புரதமாச் செஞ்சு, போய் அந்தப் படிக்கிற மிஷினைப் புடிச்சுக்கும். இனிமே மொதலாளியோடதைப் படிக்காதே, என்னோடதைப் படின்னு. சில வைரஸ் படிக்கிறதுக்குத் தன்னோட மிஷினையே செஞ்சுக்கும்."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவசர ஆர்டராட்ட."

"எப்படிங்க?"

"கம்பெனியில லைன் தலைப்புல சாம்பிள் பீஸ் ஒண்ணு தொங்குமுங்க. அதைப் பாத்துத்தான் எல்லாரும் தைப்போம். ஒருநா பெரியவிய டீ-சர்ட் தைச்சுட்டு இருக்கறோம். அவசர ஆர்டருன்னு ஒருத்தர் வந்தாரு. வெளியாளுங்க, எங்க மொதலாளிகூட இல்லை. தொங்கின பீஸைக் கழட்டிப் போட்டுட்டு, கைக்குழந்தை சட்டை ஒண்ணை மாட்டிவிட்டாரு. சோத்து நேரத்துக்குள்ள மொத்த லைனும் குழந்தை சட்டை தைக்குது. அதே மிஷின், அதே ஆளுக. ஆருமே ஒரு வார்த்தை கேக்கலீங்க. பாதியில நின்ன டீ-சர்ட்டை வெட்டி, அந்தத் துணியையே குழந்தை சட்டைக்குப் போட்டாங்க."

யாழினி மேஜையைத் தட்டினாள். "அதையும் செய்யுதுங்கக்கா! பாக்டீரியாவோட மரபணுவை வெட்டிப் போட்டு, அந்தத் துண்டிலயே தன்னோடதைச் செஞ்சுக்கும் சில வைரஸ். எல்லாத்துக்கும் வரிசை வேற இருக்குதுங்க. மொதல்ல மொதலாளியை நிறுத்தறதுக்கு வேண்டியது. அப்புறம் பேட்டர்னைப் பிரதி எடுக்கறதுக்கு வேண்டியது. அதுக்கப்புறம்தான் தலை, வாலு. கட்டக் கடைசியில, சுவரை உடைக்கறதுக்கு ஒரு கத்திரி. உடைச்சுட்டு அத்தனை வைரஸும் வெளிய வந்து, பக்கத்துல இருக்கறதைப் புடிச்சுக்கும்."

"உடையற வரைக்கும்?"

"உடையற வரைக்கும் மூச்சு வாங்கும், திங்கும். வெளியிலிருந்து பாத்தா நல்லா வேலை ஓடறாப்பலதான் இருக்கும். ஓடறது யாரோட வேலைங்கறதுதான் வேற."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நுரை வெளுத்த பிறகும், தொட்டி சாகிற அன்று காலைவரைக்கும், பாக்டீரியா மூச்சு வாங்குவதைக் காட்டும் ஆக்சிஜன் மீட்டர் நன்றாகத்தான் காட்டியது. நாங்கள் ஊற்றிய வெல்லத்தையெல்லாம் தின்றுவிட்டு யாருக்கு உழைத்திருக்கின்றன பாருங்கள்! சத்தான பாக்டீரியா என்றால் வைரஸுக்கு நல்ல லைன். அதுவும் தொட்டி நிறைய ஒரே வகை. ஒரு பேட்டர்ன் கிடைத்தால் போதும், எல்லா வீட்டுக் கதவும் அதற்குத் திறக்கும். மேலே மேலே பாக்கெட் போட்டது, வந்த ஆர்டருக்கு ஆள் பிடித்துக் கொடுத்த கதைதான்.

"நிர்மலா, குழாயைப் பாரு" என்றாள் யாழினி.

அதுவும் தெளிந்திருந்தது. அத்தனை தண்ணீர் விளாவிய பிறகும் முதல் குழாய்போலவே பளிங்காக இருந்தது. விஷமில்லை. பிளீச் வந்திருந்தால் அந்த வைரஸையும் சேர்த்தே கொன்றிருக்கும் என்றாள் யாழினி. பிளீச்சும் இல்லை, திறந்து கிடந்த வால்வும் இல்லை. அக்கா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். "நான் அடைச்சேன். அடைச்சுத்தான் வெச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் அழுகை வந்தது. யாழினி இரண்டு பேருக்கும் டீ வாங்கி வந்தாள்.

டீயைப் பாதி குடித்தவர் அப்படியே நிறுத்தினார். "முதல் தொட்டிக்கு எங்கிருந்தோ வந்துருச்சு, செரி. ரெண்டாவதுக்கு எப்படிங்க போச்சு? ரெண்டுக்கும் குழாய் வேற வேறயாச்சுங்களே."

"இந்தத் தொட்டியில இருந்து அதுக்கு ஏதாவது போகுதாங்கக்கா?" என்று கேட்டாள் யாழினி. அவளுக்கு வாளி விஷயம் தெரியாது.

அக்கா தன் கைகளைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. பஸ்ஸில் திரும்பும்போது அவர் காதோடு சொன்னேன்: "நாளைக்குக் கமிட்டியில வாளியைப் பத்திப் பேச வேண்டாங்கக்கா. வால்வுதான் கேஸு. அந்தக் கேஸு உடைஞ்சுபோச்சு. கேக்காததை நாமளா எதுக்குச் சொல்லணும்?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கமிட்டியை அதே ப்ளோயர் ஷெட் முன்னால்தான் வைத்தார்கள். அது என் பிடிவாதம். எங்கே வைத்துச் சொன்னீர்களோ அங்கேதான் கேட்க வேண்டும் என்று ராஜவேல் சாரிடம் ஒற்றைக்காலில் நின்றேன். குழாய்களைக் காட்டி யாழினி எல்லாவற்றையும் சொன்னாள். பட்டறைக்காரர்கள் குழாயை வெயிலில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். முடிந்ததும் சார் எழுந்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர், வாய்தான் முந்திக்கொள்ளும்.

"மருதாளக்கா, வால்வை நீங்க அடைச்சுத்தான் வெச்சிருந்தீங்க. நான் இத்தனை பேர் முன்னால சொன்னது தப்பு. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். நான் அப்போதுதான் மூச்சே விட்டேன். அக்கா எழுந்து நின்றார்.

"ரொம்ப சந்தோசமுங்க. வால்வு நானில்லீங்க. ஆனா ரெண்டாவது தொட்டிக்கு அதைக் கொண்டுபோனது என்னோட வாளிதானுங்க. ஒறை ஊத்தறேன்னு தெனமும் மொண்டு ஊத்தினது நாந்தான். செய்யாததைச் செஞ்சேன்னப்ப என்னால தாங்க முடியலீங்க. அப்பச் செஞ்சதைச் சொல்லாம உட்டா நல்லாருக்குங்களா?"

எனக்குக் காது சூடாகியது. இந்தமுறை கோபத்தில் இல்லை, வெட்கத்தில். ராஜவேல் சார் தலையைச் சொறிந்துகொண்டே, "அந்த வாளிக்குத் தீனி போட்ட பாக்கெட்டை வாங்கினது நானுங்க" என்றார். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. கமிட்டித் தலைவர் சிரிக்காமல், "செரி, தொட்டி பொழைக்குமா? அதைச் சொல்லுங்க" என்றார்.

பிழைக்க வைக்க வழி இருந்தது. யாழினி சொன்னபடி பாக்கெட்டை நிறுத்தினோம், வெல்லத்தையும் நிறுத்தினோம். மண்ணரை என்ற ஊர்ப் பக்கமிருக்கும் இன்னொரு சுத்திகரிப்பு நிலையத்திலிருந்தும், ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் செய்யும் இடத்திலிருந்தும் சேறு கொண்டுவந்தோம். சாணியும் கரைத்து விட்டோம். அந்த வைரஸுக்கு அதற்கென்று ஒரு வகை வேண்டும், மற்றதன் கதவு அதற்குத் திறக்காது. பழைய கூட்டத்திலும் கொஞ்சம் தப்பியிருந்தது, கதவின் வடிவத்தை மாற்றிக்கொண்டு. இத்தனை வகையும் சேர்ந்து வளரட்டும் என்று விட்டோம். பட்டறைகள் பாதி அளவுதான் ஓடின. கூடவே எல்லோரும் எங்களைத் திட்டினார்கள்.

அக்காவே மறுபடி தொட்டியைப் பார்த்தார். இப்போது இரண்டு வாளிகள். ஒன்றுக்குச் சிவப்புக் கயிறு, ஒன்றுக்குப் பச்சை. அந்தந்தத் தொட்டிப் பக்கத்திலேயே ஆணியடித்து மாட்டினார். தவறிப்போய்ச் சிவப்பை நான் பச்சைப் பக்கம் எடுத்துக்கொண்டு நடந்தபோது அவர் போட்ட சத்தத்தில் ப்ளோயரே நின்றுவிடும் என்று நினைத்தேன்.

மார்கழி பிறந்து சில நாளில், காலையில் ஆய்வகக் கதவைத் தட்டினார். "சீக்கிரம் வா கண்ணு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். முதல் தொட்டியின் ஓரத்தில் காப்பி நிறத்தில் நுரை பூத்திருந்தது. நாற்றம் போய், மழை விழுந்த மண் வாசம் வந்தது. கண்ணாடி ஜாடியில் மொண்டு வைத்தோம். சேறு மெள்ள மெள்ள அடியில் இறங்கியது. மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. இந்தத் தெளிவு நல்ல தெளிவு.

சாரைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். அவர் காதில் விழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, குமிழி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தது.

"இன்னிக்கு உள்ள ஓடறது நம்ம ஆர்டர்தான் கண்ணு" என்றார்.